கிட்டிச்சா என்று கேட்டவர்

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, கரூரில் என் வீட்டு அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் கைபேசி அடித்தது. திரையில் மேபல் அக்காவின் பெயர். சனிக்கிழமை தவிர மற்ற நாளில் அவர் அழைப்பதில்லை. தேரூர் குளத்தில் ஏதோ புதுப் பறவை வந்து இறங்கியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். பேசியவர் அவருடைய கணவர் ஜெபராஜ் அண்ணன். “மேபல் போயிட்டா மக்கா” என்றார். விடிகிற நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு அவரே, “அந்த பீரங்கி உனக்க கையிலதானே இருக்கு? ஆடி பிறந்தா அவளுக்க முறைல்லா” என்றார்.

அவர் பீரங்கி என்று சொன்னது ஒரு லென்ஸை. நானும் மேபல் அக்காவும் பாதிப் பாதியாகப் போட்டு வாங்கியது. தூரத்துப் பறவைகளைப் படமெடுப்பதற்கான நீண்ட லென்ஸ். தை முதல் ஆனி வரை அது என் வீட்டில் இருக்கும், ஆடி முதல் மார்கழி வரை அவர் வீட்டில். ஆடி முதல் வாரத்தில் அதை அவரிடம் சேர்ப்பதற்காக ரயில் டிக்கெட்கூட எடுத்து வைத்திருந்தேன். அந்த டிக்கெட்டை விட்டுவிட்டு அன்று கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். லென்ஸைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டே நாகர்கோவில் வரை போய்ச் சேர்ந்தேன். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மேபல் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நெய்யூரில் பிறந்தவர். நாகர்கோவிலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிடச் சில வயது மூத்தவர், ஆனால் அங்கே இருவருக்கும் ஒரே பதவி, அடுத்தடுத்த மேசை. அவர் எதிரே நாற்காலி இருந்தும் உட்காரத் தைரியம் வராமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகும் ஏஜெண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கரூரிலிருந்து மாற்றலாகிப் போய்ச் சேர்ந்த முதல் வாரம் முழுவதும் நானும் அவரிடம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை காலையில்தான் தேரூர் குளத்தங்கரையில் அவரைப் பார்த்தேன். துபாயிலிருந்த என் தம்பி வாங்கிக் கொடுத்த கேமராவை எடுத்துக்கொண்டு, புது ஊரில் பொழுதைப் போக்கத் தெரியாமல் அங்கே போயிருந்தேன். தாமரை இலை மூடிய குளத்தின் நடுவில் ஒரு நாரை நின்றது. அதைக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, “ஏட்டி, கிட்டிச்சா?” என்று ஒரு குரல். திரும்பினால் மேபல் அக்கா. தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா, கையில் மடக்கு ஸ்டூல். அலுவலகத்து முகமே இல்லை. நான் மரியாதையாகப் பதில் சொன்னேன்: “இல்லீங்கக்கா, ரொம்ப தூரத்துலதான் இருக்குதுங்க.”

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் நாரை எழுந்து பறந்தே போய்விட்டது. குமரி மாவட்டத்தில் கிட்டுவது என்றால் கைக்கு வருவது. அங்கே பஸ் கிட்டும், வேலை கிட்டும், நல்ல அயிலை மீன் கிட்டும். படம் அகப்பட்டதா என்று அவர் கேட்டிருக்கிறார். எங்கள் கரூர்ப் பக்கம் கிட்ட என்றால் பக்கத்தில், அவ்வளவுதான். பறவை கிட்டே வந்ததா என்று கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமைக்குள் இந்தக் கதை அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. மேலாளர்கூடக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன, கிட்டிச்சா, தூரத்துல இருக்கா?” என்று கேட்டார்.

ஏட்டி என்று அவர் கூப்பிட்டது எனக்கு அன்று சுருக்கென்று தைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பழக்கமில்லாத பெண்ணை யாரும் அப்படிக் கூப்பிட்டுவிட முடியாது. அந்த ஊரில் பிரியமானவர்களைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று புரியச் சில மாதம் ஆனது. இப்போது இந்தப் பூமியில் என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது; வரட்டும்.

எங்கள் இருவரிடமும் ஒரே கம்பெனி கேமரா என்பதால் ஒரு லென்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். அதனால்தான் கூட்டாக வாங்கும் யோசனை வந்தது. வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு என்று அக்காதான் ஏற்பாடு செய்தார். குளத்துக்கு எப்போதும் சேர்ந்தே போவோம். யாருடைய முறையோ அவர் கேமராவில் லென்ஸ் இருக்கும். மற்றவர் பைனாகுலரில் பறவையைத் தேடிச் சொல்வார், மழை வந்தால் குடை பிடிப்பார். ஜெபராஜ் அண்ணன் வாசலில் நின்று, “பீரங்கி எடுத்தாச்சு, இனி எந்தக் கோட்டைக்கு?” என்று கேலி செய்து அனுப்பி வைப்பார்.

லென்ஸ் ஒன்றாக இருந்தாலும் கேமராக்கள் ஒன்றல்ல. சண்டை அங்கேதான் தொடங்கியது. படம் விழுகிற சென்சார் என் கேமராவில் பெரியது, பழைய பிலிம் சுருளின் ஒரு கட்டம் அளவு. அவருடையதில் அதன் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதே நானூறு எம்.எம். லென்ஸை அவர் கேமராவில் மாட்டினால் அறுநூறு போலக் காட்டும். என் படத்தில் உளுந்து அளவில் தெரியும் பறவை அவர் படத்தில் அவரைக்காய் அளவில் தெரியும். “உனக்க கேமரா ஊரையே காட்டுது. நான் பறவையப் பாக்க வந்தேனா, குளத்த அளக்க வந்தேனா?” என்பார். எனக்கு ரோஷம் வந்துவிடும். பறவை ஒன்றும் பக்கத்தில் வரவில்லை, லென்ஸ் இரண்டு சென்சாரிலும் அதே அளவில்தான் பறவையை விழவைக்கிறது, உங்களுடையது சுற்றியிருப்பதை வெட்டிவிட்டு நடுவை மட்டும் காட்டுகிறது என்று விளக்குவேன்.

ஒருநாள் மதிய உணவு வேளையில் அவர் கொண்டுவந்த ஆப்பத்தை எடுத்தே வாதாடினேன். ஆப்பத்தின் மொறுமொறு ஓரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டால் நடு பெரிதாகிவிடுமா என்று கேட்டேன். அக்கா நிதானமாக ஓரத்தைப் பிய்த்து என் தட்டில் போட்டார். “பெருசாவாது. ஆனா எனக்கு நடுதானே வேணும்” என்று சொல்லிவிட்டுத் தேங்காய்ப்பாலை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார்.

நியாயமாகச் சொன்னால் அவர் பக்கமும் உண்மை இருந்தது. இரண்டு கேமராவிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவருடையதில் அத்தனையும் சின்ன இடத்தில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் பறவையின் மேல் விழும் புள்ளிகள் அதிகம். பெரிதாக்கிப் பார்த்தால் இறகு இறகாகத் தெரியும். என் படத்தை வெட்டி அந்த அளவுக்குக் கொண்டுவந்தால் இறகு இருக்கும் இடத்தில் ஒரு பூச்சுதான் இருக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்துவிட்டால் கதை மாறும். மேகம் மூடிய காலையில் அவர் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து போகும், என்னுடையது தெளிவாக நிற்கும். இரண்டு பேரும் மற்றவருக்குச் சாதகமான பகுதியை மட்டும் வசதியாக மறந்துவிட்டு வருடக்கணக்கில் சண்டை போட்டோம். அவ்வளவு இன்பமான சண்டை என் வாழ்க்கையில் வேறெதுவும் இல்லை.

மேபல் அக்காவுக்கு ஒரே ஒரு படம் வேண்டியிருந்தது. கேமரா வாங்குவதற்கு முன்னால், ஒரு ஆடி மாதத்தில், தேரூர் கரை வழியாகப் போகும்போது அவர் தாமரைக்கோழி ஒன்றைப் பார்த்திருக்கிறார். நீண்ட விரல்களால் தாமரை இலை மேல் நடந்து திரியும் பறவை அது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். அந்தத் தகப்பன் பறவை ஏதோ சத்தம் கேட்டுக் குந்தி, குஞ்சுகளை இறக்கைக்கடியில் அணைத்துத் தூக்கிக்கொண்டு எழுந்து நடந்திருக்கிறது. உடம்பு ஒன்று, கீழே குஞ்சுகளின் கால்கள் கொத்தாகத் தொங்கின. வீட்டில் வந்து சொன்னால் ஜெபராஜ் அண்ணன், “எட்டுக்கால் கோழியா ஏட்டி?” என்று சிரித்தார். அலுவலகத்திலும் மேபலின் எட்டுக்கால் கோழி என்று பெயரே விழுந்துவிட்டது. மற்றவர்கள் மறந்தும் அவர் மறக்கவில்லை. அதற்காகத்தான் கேமராவே வாங்கினார்.

கோழி திரிவது குளத்தின் நடுவில், கரையிலிருந்து நல்ல தூரம். பூப்பறிக்கிறவர்கள் தங்கள் மிதவையில் அழைத்துப் போவதாக ஒருமுறை சொன்னார்கள். எனக்கு ஆசையாக இருந்தது. அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். மிதவை வருவதைப் பார்த்தால் அது பதறிக் குஞ்சுகளைத் தண்ணீரில் போட்டுவிட்டாலும் போட்டுவிடும் என்றார். “ஒரு படத்துக்கு வேண்டி ஒரு தகப்பன பயமுறுத்தாண்டாம் ஏட்டி. இஞ்சயே இருப்போம்.” கரையிலேயே இருந்தோம். லென்ஸின் நீளம், சென்சாரின் அளவு என்று நாங்கள் அவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டது அதனால்தான். நகர முடியாதவர்களுக்கு அவை மட்டும்தான் கைவசம்.

அந்தக் காலை வந்தது ஓர் ஆடியில். வானம் மூடி, சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அக்காவின் முறை. லென்ஸ் அவர் கேமராவில். நான் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். கரைமேட்டில் ஒரு நாய் குரைத்தது. இலை மேல் நின்ற தாமரைக்கோழி சட்டென்று குந்தியது. சுற்றித் திரிந்த குஞ்சுகள் ஓடி இறக்கைக்கடியில் நுழைந்தன. நான் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் காத்திருந்தது கண்முன்னால் இருக்கிறது, ஆனால் அக்காவின் கேமராவிலிருந்து சத்தமே வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் லென்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். “வெட்டம் போராது” என்றார். வெட்டம் என்றால் அவர்கள் பேச்சில் வெளிச்சம். “எனக்கதுல மணல வாரி எறிஞ்ச மாதிரிதான் வரும். நீ போடு. சீக்கிரம்.” நான் தயங்கினேன். உங்கள் முறையல்லவா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் லென்ஸை என் கழுத்தில் தொங்கிய கேமராவில் தாமே மாட்டிவிட்டு, என் கையிலிருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டார். கோழி எழுந்தது. கீழே கால்கள் தொங்கின. நான் அழுத்தினேன். அடுத்து அழுத்துவதற்குள் அது நாணல் மறைவில் போய்விட்டது.

“கிட்டிச்சா?” என்று கேட்டார் அக்கா. குரல் மிகவும் மெல்ல வந்தது.

“கிட்டிச்சுக்கா” என்றேன். அந்தச் சொல்லை அவர் அர்த்தத்தில் நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவர் குடையைக் கீழே விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் முழுக்க நனைந்தோம்.

கணினியில் போட்டுப் பார்த்தபோது பறவை சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது. தொங்கும் கால்களைச் சந்தேகமில்லாமல் பார்க்க முடிந்தது. சுற்றிலும் இலையும் தண்ணீரும் மழைத் துளியின் வட்டங்களும். மேலே வலது மூலையில் மட்டும் மங்கலாகக் கறுப்பு ஒன்று விழுந்திருந்தது. என்னவென்று யோசித்தபோது புரிந்தது: குடை. தன் கேமராவுக்குப் பழகிப்போனவர் அல்லவா அக்கா. அதன் குறுகிய பார்வைக்கு எட்டாத இடத்தில்தான் குடையைப் பிடித்திருக்கிறார். என் கேமரா அகலமாகப் பார்க்கும் என்பது அந்த அவசரத்தில் அவருக்கு மறந்துவிட்டது. அவருடையதில் எடுத்திருந்தால் அந்த ஓரம் படத்தில் வந்திருக்காது.

ஜெபராஜ் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்துவிட்டு, “கொள்ளாம்” என்று மட்டும் சொன்னார்; நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அலுவலகத்தில் அக்கா அந்தப் படத்தை ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். யாரிடமும் தான் எடுத்ததாகச் சொல்லவில்லை. இவள் எடுத்தாள் என்று என்னைக் காட்டினார். என்னிடம் மட்டும் அந்த மூலைக் கறுப்பை வெட்டித் தொலை என்று திட்டுவார். செய்கிறேன் என்பேன், செய்யமாட்டேன். சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

பிறகு ஒருநாள், முறையை விட்டுக்கொடுத்தது வருத்தமா என்று கேட்டேன். “எதுக்கு? கோழி உண்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சாச்சுல்லா” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “ஆனா ஒருக்கா எனக்க கேமரால பெருசாப் பாக்கணும் ஏட்டி. நல்ல வெட்டம் உள்ள நேரமாப் பாத்து” என்றார். அதன்பிறகு எத்தனையோ ஆடி வந்தது. வெயில் அடித்த காலையில் கோழி மறைந்திருந்தது, கோழி வந்த காலையில் வானம் மூடியிருந்தது. எனக்குக் கரூருக்கே மாற்றல் வந்தது. அதிலிருந்துதான் முறை ஆறு மாதமானது. குஞ்சு பொரிக்கும் ஆடி எப்போதும் அவருக்கே வரும்படி வைத்துக்கொண்டோம். சனிக்கிழமைதோறும் அழைத்து, அமராவதிக் கரையில் நான் எதைத் துரத்திக்கொண்டிருந்தாலும், “கிட்டிச்சா?” என்று கேட்பார். கடைசிச் சனிக்கிழமையும் கேட்டார். இந்த வருஷம் சாரல் பிந்துகிறது, வெயிலிலேயே குஞ்சு பொரித்துவிடும், நீ வேகமாக வா என்றார்.

ஆடி முதல் வாரத்தில் வைத்த நினைவு ஆராதனைக்கு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சபையில் வைக்கலாம் என்று ஜெபராஜ் அண்ணன் விரும்பினார். நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் திரையில் பார்த்துவிட்டு, மூலையில் ஏதோ கறுப்பாக விழுந்திருக்கிறது, வெட்டிவிட்டால் கோழியும் பெரிதாகத் தெரியும் என்றார். அவர் அக்கறையாகத்தான் சொன்னார், தொழில் தெரிந்தவர். கை மவுஸின் மேல் தயாராக இருந்தது.

வெட்ட வேண்டாம் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அவர் நிமிர்ந்து பார்த்தார். “அது எங்கக்காங்க” என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் அப்படியே அச்சிட்டுக் கொடுத்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் எல்லோரும் பறவையைப் பார்த்தார்கள், கால்களை எண்ணினார்கள், சிரித்தார்கள். நான் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஜெபராஜ் அண்ணன் அக்காவின் கேமராவை என்னிடம் எடுத்துத் தந்தார். “அவளுக்க சாதனம். லென்ஸையும் சேத்து நீயே கொண்டு போ மக்கா. எனக்கு எதுக்கு?” என்றார். நான் சம்மதிக்கவில்லை. ஆடி அக்காவுடைய முறை. ஒரு காலை மட்டும் குளத்துக்குக் கொண்டுபோய்விட்டுத் திருப்பித் தருகிறேன், மார்கழி முடியும்வரை இரண்டும் அவர் அலமாரியில் இருக்கட்டும், தை பிறந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் தலையை ஆட்டினார். வாசல் வரை வந்தார், பீரங்கி என்று கேலி செய்யவில்லை.

தேரூரில் சாரல் வந்திருந்தது. அவருடைய மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் கேமராவில் லென்ஸை மாட்டினேன். அத்தனை வருடத்தில் அவர் கேமரா வழியாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை, வீம்பு. தாமரைக்கோழி ஒன்று இலை மேல் தனியாக நடந்துகொண்டிருந்தது. கட்டம் நிறையத் தெரிந்தது. கழுத்தின் கரும்பச்சையும் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடும், எட்டிப் பிடிக்கலாம் போல. நடு மட்டும்தான், ஓரமே இல்லை. நீங்கள் சொன்னது சரிதான் அக்கா, இதைச் சொல்ல நான் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

தூறல் லென்ஸின் கண்ணாடியில் விழுந்தது. துடைத்தேன், மறுபடி விழுந்தது. அந்தக் கனத்தை ஏந்த இரண்டு கையும் வேண்டும். குடை என் காலடியில் மடங்கிக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பறவை மெல்ல மெல்லக் கலங்கி, நிறங்கள் மட்டுமாகி, நாணலுக்குள் போய்விட்டது. அழுத்தவில்லை.

போய் வாருங்கள் அக்கா. இப்போது நீங்கள் கேட்க வேண்டிய நேரம். கேட்டதாகவே வைத்துக்கொண்டு, கேமராவை இறக்கிவிட்டு, முதன்முதலில் சொன்ன பதிலையே உரக்கச் சொன்னேன்.

“இல்லீங்கக்கா, ரொம்ப தூரத்துலதான் இருக்குதுங்க.”